முகம் இல்லாத அட்டைப்படம்

நிலைக்கண்ணாடியின் மரச்சட்டம் நடுவில் வளைந்துவிட்டது என்று சொல்லி அக்காள் தச்சரை வரவழைத்தாள். பெண்களுக்கு முடிவெட்டும் கடை அது. கண்ணாடி கோணினால் தொழிலே கோணிவிட்டதாகத்தான் பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். தச்சர் ரசமட்டத்தைச் சட்டத்தின்மேல் நிறுத்தியும் கிடத்தியும் பார்த்துவிட்டு, நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சாக்குச் சொல்வதாக அவரைக் கடிந்துகொண்டாள். அவரும் விட்டுக்கொடுக்கிற மனிதரல்லர்.

"கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாருங்கம்மா. அப்புறம் என்னைத் திட்டுங்க."

தடவிப் பார்த்தாள். விரலுக்கு நேராக இருந்த சட்டம், கண்ணைத் திறந்ததும் வளைந்து நின்றது. தச்சரிடம் மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவைத்தாள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனாள்.

நடுப்பார்வை தேய்ந்துகொண்டு வருகிறது; போனதை மீட்க வழியில்லை; இருப்பதைக் கூடியமட்டும் காக்கலாம்; ஓரப்பார்வை தங்கும். மருத்துவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். அப்படியே நடந்தது. எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு மூட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவருடைய முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கவேண்டிய இடம் கலைந்து கிடக்கும். காது தெரியும், காதோர முடி தெரியும், சட்டைக் கழுத்தின் தையல்கூடத் தெரியும். கண்ணும் மூக்கும் வாயும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் பார்வையைக் காதின்மேல் வைத்தால் மூட்டமும் காதின்மேல் போய்விடும். முகம் ஓரளவு துலங்கும். ஆகவே அவள் எல்லாருடைய காதையும் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

அதற்குப் பிறர் சூட்டிய பெயர் திமிர். இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துப் பேசுவதுகூட இவளுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது என்று ஒரு வாடிக்கைக்காரி இன்னொருத்தியிடம், இவள் செவியில் விழும்படியே சொன்னாள். தும்முவதற்குக்கூட மனிதர்கள் கொஞ்சம் ஆயத்தம் செய்துகொள்கிறார்கள்; பிறருடைய குணத்தின்மேல் தீர்ப்புச் சொல்வதற்கு அதுவும் தேவைப்படுவதில்லை. அன்றுமுதல் அக்காள் ஒரு வைராக்கியம் கொண்டாள். யாராவது தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றினால், முகம் இருக்கும் இடத்தை நேருக்கு நேராகப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, பார்ப்பதுபோல் இருந்தால் போதும்.

தொழிலில் மட்டும் அவள் யாரையும் ஏமாற்றவில்லை. சவரக்கத்தி பிடிப்பதையும், நெற்றிமுடி வெட்டுவதையும், கண்ணுக்கருகில் செய்யவேண்டிய எல்லாவற்றையும், மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லி, உடன் வேலை செய்யும் சுருட்டையிடம் ஒப்படைத்துவிட்டாள். சுருட்டை என்பது அந்தப் பெண்ணின் தலைமுடிக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர். நாளடைவில் ஆளுக்கே ஆகிவிட்டது. முடியின் நீளத்தை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்து அளந்து வெட்டுவது அக்காளுக்கு எந்நாளும் விரலின் வேலைதான். வருகிறவர்களைக் குரலாலும் உச்சிச் சுழியாலும் அடையாளம் கண்டுகொண்டாள்.

இத்தனை பாடும் ஒரே ஓர் ஆளிடம் மறைப்பதற்காக. அந்த ஆள் அவளுடைய தங்கை.

தங்கை பாடகி. அக்காளுக்கு அந்தக் குரலின்மேல் இருந்ததைப் பாசம் என்று சொன்னால் போதாது, அது மலைப்பு. ஒரே வீட்டில், ஒரே தாயிடம் அடி வாங்கி வளர்ந்த இருவரில் இவளுக்கு மட்டும் இது எங்கிருந்து வந்தது என்று, சீப்பைப் பிடித்த கை அப்படியே நிற்க, எத்தனையோ முறை வியந்திருக்கிறாள். அம்மா படுத்த படுக்கையானபோது தங்கை பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே உட்கார்ந்துவிடுவதுதான் அவளிடமிருந்த சிக்கல். அம்மா போனபின், துருவேறிப்போன அந்தக் குரலைத் தேய்த்துத் துலக்கி எடுக்க ஆண்டுகள் பிடித்தன. இப்போதுதான் முதன்முறையாக அவளுடைய சொந்தப் பாடல்கள் ஓர் ஆல்பமாக வெளிவர இருந்தன. அதைத் தொடர்ந்து, கடல் கடந்து ஊர் ஊராகப் போய்ப் பாடும் நெடும்பயணம் ஒன்றும் முடிவாகியிருந்தது. அக்காளின் கண்ணைப் பற்றித் தெரிந்தால் அவள் பெட்டியைக் கட்டுவாளா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காளின் அருகில் உட்கார்ந்துவிடுவாள். இன்னொரு முறை துருவேறினால் அந்தக் குரல் தேறாது. தங்கை விமானம் ஏறும்வரை மறைத்துவிட வேண்டும். அதன்பின் கண் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் அட்டைப்படத் தகராறு.

தங்கைக்குப் படம் வரையவும் வரும். ஆல்பத்தின் அட்டைக்காகத் தன் உருவத்தைத் தானே வரைந்து கொடுத்திருந்தாள். இசை நிறுவனத்தின் மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் 'பளிச்சுன்னு இருக்கணும்' என்று சொல்லிச் சொல்லி, சகோதரிகளின் பேச்சில் அவருக்குப் பளிச்சு என்பதே பெயராகியிருந்தது. அவர் கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அருமையான நிழற்படம் ஒன்று தயாராக இருப்பதாகவும், தங்கையோ தான் வரைந்த படம்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகவும், இன்று ஏதாவது ஒன்று அச்சுக்குப் போயாக வேண்டும் என்றும் முறையிட்டார். வரைந்த படத்தில் என்ன குறை என்று அக்காள் கேட்டாள். பளிச்சென்று இல்லை என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து விளக்கம் ஒன்றும் பெயரவில்லை. நீங்கள் மூத்தவர், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள், உடனே வாருங்கள் என்று முடித்தார்.

ஒரு வார்த்தை என்ன, நிறையவே சொல்கிறேன், ஆனால் உமக்குச் சாதகமாக இருக்காது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, சுருட்டையிடம் கடையை ஒப்படைத்துவிட்டு அக்காள் கிளம்பினாள்.

மேலாளரின் அறை மாடியில் இருந்தது. சுவர் முழுவதும் பழைய அட்டைப்படங்கள் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. அவற்றில் எல்லாரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவர்கள் எந்நேரமும் பல் விளக்கிய கையோடு நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. மேசையின்மேல் பெரிய நிழற்படம் ஒன்று கிடந்தது. அதற்கு எதிரே, நாற்காலியின் முதுகில் சாய்த்து, தங்கை வரைந்த படம் வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய வண்ணப்பெட்டியும் தூரிகைகளும் இருந்தன. அவள் மனம் மாறினால் இங்கேயே உட்கார்ந்து படத்தைத் திருத்திக் கொடுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் மேலாளர்தான் அவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அக்காளைக் கண்டதும் தங்கை எழுந்துவிட்டாள்.

"அக்காவை எதுக்கு சார் கூப்பிட்டீங்க? இவளுக்கு நான் வீட்டுல வச்சுக் காட்டலாம்னு இருந்தேன்."

அவள் குரலில் இருந்த பதற்றத்தை அக்காள் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். மேடையில் ஏறினால் புலி, இறங்கினால் இப்படி. மேலாளரோ, நிறுவனத்தைச் சாராத ஒருவருடைய கருத்தும் தெரியட்டுமே என்று சொல்லி, மரியாதையோடு விலகி வழிவிட்டார். சாதாரண மனிதர் எவரும் நிழற்படத்தைத்தான் காட்டுவார் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

இருவரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அக்காளுக்குத் தெரிந்தது. தனியாக இருந்திருந்தால் படத்தின் ஓரத்தைப் பார்த்து நடுவைத் தெரிந்துகொண்டிருப்பாள். தங்கையின் கண்ணெதிரே அந்தக் கள்ளப் பார்வை ஆகுமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதலில் நிழற்படத்தை நேராகப் பார்த்தாள். காது தெரிந்தது, கம்மல் தெரிந்தது. நடுவில் வழக்கமான மூட்டம். பிறகு வரைந்த படத்தை நேராகப் பார்த்தாள். அதே காது, அதே கம்மல், நடுவில் அதே மூட்டம். ஆனால் இதில் காதோரத்து முடிக்கற்றை ஒன்று, எப்படி வாரினாலும் படியாமல் முன்புறம் சுருண்டு நிற்கும் அந்தக் கற்றை, அப்படியே உயிரோடு எழுந்து நின்றது. எத்தனை முறை அதை வெட்டிச் சலித்திருக்கிறாள்! நிழற்படம் எடுத்தவன் எதையோ தடவி அதைப் படியவைத்திருந்தான். இவள் அதன் அடாவடித்தனத்தோடு வரைந்திருந்தாள். ஒரு மயிர்க்கற்றைக்கே இவ்வளவு பார்த்தவள், முகத்தை எப்படித் தீட்டியிருப்பாள் என்று நினைத்து அக்காள் படத்துக்கு இன்னும் ஓர் அடி நெருங்கினாள். தெரியாத முகத்தைத் தெரிந்ததாகவே நம்பிவிட்டாள்.

"போட்டோவுல சிரிப்பு இருக்கு, வேற என்ன இருக்கு? இதைப் பாருங்க. முகக்களை அப்படியே வந்திருக்கு. அந்தக் கண்ணு நம்மகிட்ட ஏதோ சொல்ல வர மாதிரி இல்ல?"

மேலாளர் படத்தைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார்; மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"எந்தக் கண்ணும்மா?"

வீண்வாதம் செய்கிறார் என்று நினைத்து அக்காளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரெண்டு கண்ணும்தான்."

தங்கை மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஒலியை அக்காள் நன்றாக அறிவாள். பாட்டின் முதல் அடிக்கு முன்னால் அது வரும். இப்போது அது வந்தது, பாட்டு வரவில்லை. ஏதோ தவறிப்போயிற்று என்று அக்காளுக்குப் புரிந்துவிட்டது. மேலாளரை என்ன சொன்னாலும் சொல்லலாம், ஈரமற்றவர் என்று சொல்ல முடியாது. மேசையில் தண்ணீர்க் குவளை நிரம்பி இருக்க, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தங்கை அக்காளின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அக்கா, அந்தப் படத்துல கண்ணு இல்ல. மூக்கு, வாய் எதுவுமே இல்ல. நான் வரையல."

இத்தனை மாதங்கள் முட்டுக்கொடுத்து நிறுத்திய சுவர், தன் வாயாலேயே, அதுவும் இந்த மனிதரின் அறையில், பொலபொலவென்று உதிர்ந்துவிட்டதே என்று அக்காளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. முகம் இல்லாமல் ஒருத்தி தன் முகத்தை வரைகிறாள் என்றால், அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"எப்பலேர்ந்துடி தெரியும்?"

தங்கை சொன்ன கதை இது. அக்காள் அதட்டும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவது தங்கையின் சிறுவயதுப் பழக்கம். வயது நாற்பதைத் தாண்டியும் விட்டபாடில்லை. உடனே அக்காளிடமிருந்து ஒரு துண்டோ சீப்போ பறந்து வரும். ஒருநாள் கடையில், தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று அக்காள் விடாமல் கடிந்துகொண்டிருந்தபோது, தங்கை வழக்கம்போல் நாக்கைத் துருத்தினாள். எதுவும் பறந்து வரவில்லை. அக்காள் அவள் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு, இப்போதாவது புத்தி வந்ததா என்று சாந்தமாகக் கேட்டாள்.

"பல்லை இளிச்சேன், மூக்கைச் சுளிச்சேன், கண்ணை ரெண்டையும் மூக்குப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினேன். நீ கத்தரிக்குச் சாணை பிடிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தே. அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன்."

அழுதுவிட்டு அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு கண் மருத்துவரைத் தேடிப்போய், இப்படி இப்படி ஒருவருக்கு இருந்தால் என்ன என்று விசாரித்திருக்கிறாள். பிறகு பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றை எடுத்து, இரண்டு வில்லைகளின் நடுவிலும் களிம்பைத் தடவி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள். கதவில் முட்டிக்கொண்டாள்; அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். கடைசியில் அந்தக் கண்ணாடியோடேயே நிலைக்கண்ணாடியின் முன் நின்று, தெரிந்ததை மட்டும் வரைந்தாள். தெரிந்தவை காதும் கம்மலும் அடங்காத கற்றையும்தான்.

"உன் கண்ணுல நான் எப்படித் தெரியறேன்னு பார்க்கணும்னு தோணிச்சு. பார்த்தப்புறம், வேற எந்தப் படத்தையும் அட்டையில போட மனசு வரல. அந்தப் பாட்டெல்லாம் உன்னை முன்னால நிறுத்திக்கிட்டுப் பாடினதுதான். ஆனா ஒண்ணு. இது உன் விஷயம். நீ வேணாம்னா அந்தப் போட்டோவே போகட்டும்."

அக்காளுக்கு அட்டையைப் பற்றிய கவலை அப்போது இல்லை. அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. கேட்கப் பயமாக இருந்தது.

"அப்போ பயணம்?"

"போறேன்."

"பொய் சொல்லாத. அம்மாவுக்குப் பண்ணினதையேதான் எனக்கும் பண்ணுவே."

"அக்கா, டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். என்னை அனுப்பறதுக்காக நீ இத்தனை மாசம் நடிச்சிருக்கே. நான் போகாம இங்க உட்கார்ந்தா, உன் நடிப்பெல்லாம் குப்பைக்குப் போயிடுமே. அவ்வளவு நல்ல நடிப்பு."

அக்காளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிற்று. ஆனாலும் நம்பிக்கை முழுதாக வரவில்லை. வார்த்தை கொடுப்பது தங்கைக்கு எளிது. புறப்படும் வேளையில் வாசற்படியில் கால் தயங்குமே, அதுதான் அவள் அஞ்சியது. அந்த அச்சத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் படத்தின் பக்கம் திரும்பினாள். இனி யாரிடம் மறைப்பது? நாற்காலியின் விளிம்பைப் பார்த்தாள். மூட்டம் விளிம்புக்கு நகர்ந்தது. அப்போது அவளுடைய ஓரப்பார்வையில், கழுத்துக்கும் நெற்றிக்கும் இடையே பூசியிருந்த சாம்பல்நிறம் தெரிந்தது.

தன் கண்ணுக்குள் மட்டும் இருப்பதாக நினைத்த ஒன்றை, வெளியே, ஒரு பலகையின்மேல், வேறொருத்தியின் கைவண்ணத்தில் பார்ப்பது என்ன உணர்வு என்று சொல்ல அக்காளுக்கு வார்த்தை அகப்படவில்லை. மருத்துவர்கூட அதற்கு ஒரு பெயரைத்தான் சொன்னார். இவள் அதற்குள் வந்து நின்று பார்த்திருக்கிறாள். கதவில் முட்டிக்கொண்டு, பாலைப் பொங்கவிட்டுப் பார்த்திருக்கிறாள். இவள் பாடுவது ஏன் கேட்பவரை நிறுத்திவிடுகிறது என்று, இத்தனை ஆண்டுகள் வியந்த கேள்விக்கு இதுதானோ விடை என்று தோன்றியது. வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முடிவெட்டுகிறவளின் குரலில் சொன்னாள்.

"நிறம் தப்பு."

"என்ன?"

"அழுக்குத் துணி மாதிரி இருக்கு. எனக்கு அப்படி இல்ல. வெந்நீர்ல குளிச்சிட்டுக் கண்ணாடியைப் பார்த்தா ஆவி படிஞ்சிருக்குமே, அந்த மாதிரி. அதுல உன் தோல் நிறமும் கொஞ்சம் கரைஞ்சிருக்கும். அப்புறம் ஓரத்துல கோடு போட்ட மாதிரி முடியக்கூடாது. எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது."

இதையெல்லாம் அவள் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. தங்கை வண்ணப்பெட்டியைத் திறந்தாள். வெள்ளையில் ஒரு துளி மண்நிறத்தைக் குழைத்து, இவ்வளவு போதுமா என்று தூரிகையைக் காட்டினாள். அதிகம் என்றாள் அக்காள். குறைத்தாள். இப்போது சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருக்கிறது என்றாள். மறுபடியும் குழைத்தாள். உன் தலையில் சாயம் பூசும்போது நான் இவ்வளவு தொல்லை பட்டதில்லை என்று அக்காள் அலுத்துக்கொள்ள, என் தலை உன் வாயைப்போல எதிர்த்துப் பேசுவதில்லை என்று தங்கை திருப்பிக் கொடுத்தாள். ஓரங்களைத் தூரிகையால் செய்ய முடியாமல் விரல் நுனியால் தேய்த்துக் கரைத்தாள். அக்காள் படத்தை ஒருமுறை நேராகப் பார்ப்பாள், ஒருமுறை விளிம்பைப் பார்ப்பாள், இன்னும் இல்லை என்பாள்.

மேலாளர் தண்ணீரோடு திரும்பி வந்தவர், கதவருகிலேயே நின்றுவிட்டார். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அதில் மறைவாக ஒன்றும் மிஞ்சவில்லை.

"கையை எடு," என்றாள் அக்காள் கடைசியில். "இப்போ நேரா பார்த்தாலும் ஓரமா பார்த்தாலும் ஒண்ணாத்தான் இருக்கு. நான் பார்க்கற நீ இதுதான்."

மேலாளர் மேசையருகே வந்து, நிழற்படத்தை எடுத்து, முகம் கீழே இருக்கும்படி இழுப்பறைக்குள் வைத்தார். வண்ணம் உலரட்டும், நானே அச்சகத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றார். பிறகு, எவ்வளவு முயன்றும் அவருக்குள்ளிருந்த வியாபாரி அடங்கவில்லை. வாங்குகிறவர்கள் குழம்பக்கூடாதே, இந்தப் படத்தின் பொருள் என்னவென்று அட்டையின் பின்பக்கத்தில் நாலு வரி விளக்கம் போடலாமா என்று, இந்தமுறை மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

தங்கை அக்காளைப் பார்த்தாள். பின்பக்கத்தில் அச்சிட்டால் கடைக்கு வருகிற ஒவ்வொரு தலையும் அதைப் படிக்கும். அக்காள் அதற்காகத் தயங்கவில்லை. என் வாடிக்கைக்காரர்களுக்கு நாளைக் காலையில் நானே சொல்லிவிடுகிறேன், அதற்கு அச்சகம் தேவையில்லை என்றாள். ஆனால் விளக்கம் மட்டும் கூடாது என்று உறுதியாகத் தலையசைத்தாள்.

"போடாதீங்க சார். போற ஊர்லயெல்லாம் இது என்ன படம்னு கேட்பாங்க. பாடி முடிச்சிட்டு இவளே அவங்களுக்குச் சொல்லட்டும். அதைச் சொல்றதுக்காவது இவ அங்கெல்லாம் போய்த்தானே ஆகணும்?"